ஆறாம் வகுப்புக்கு முதல்முறை வகுப்பாசிரியராகப் போகிறவர்களுக்கு: பிள்ளைகளின் மனதைப் பார்த்துக்கொள்ள ஒரு வருட வழிகாட்டி

பள்ளி திறந்த அன்றைக்கே ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்து, "இந்த வருஷம் நீங்கதான் கிளாஸ் டீச்சர்" என்று எச்.எம். சொல்லிவிடுவார். எமிஸ் என்ற பள்ளிக்கல்வித்துறை இணையத்தளத்தில் பதிவு ஏற்றுவது, பஸ் பாஸுக்குப் படிவம் வாங்குவது, சீருடைக்கு அளவு குறிப்பது எல்லாவற்றையும் பக்கத்து வகுப்பு டீச்சர் சொல்லித் தந்துவிடுவார். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளின் கோபத்தையும் அழுகையையும் தனிமையையும் என்ன செய்வது என்று சொல்லித்தர அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். பல வருடமாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளோடு இருப்பவள் என்ற முறையில், ஜூனிலிருந்து ஏப்ரல் வரை என்ன செய்யலாம் என்று வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்; மற்ற பள்ளிகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் ஆதரவுதான் முதலில் வேண்டும், திறமை அப்புறம் தானாகப் பின்னால் வரும். "கோபத்தைக் கட்டுப்படுத்து", "தைரியமா இரு" என்று சொல்லிக்கொடுக்கும் முன், அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு பெரியவரும் ஒரு சிநேகிதனோ சிநேகிதியோ இருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத பிள்ளையிடம் எந்த வாழ்க்கைத்திறன் பாடமும் ஒட்டாது. கீழே வரும் எல்லாமே இந்த வரிசையில்தான் இருக்கிறது.

இந்த வயதில் என்ன நடக்கிறது

10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. அதன் முதல் பாதிதான் உங்கள் வகுப்பு. உணர்ச்சியைக் கிளப்பும் மூளைப் பகுதிகள் பருவமடையும் நேரத்தில் வேகமெடுக்கின்றன. அதை நிதானப்படுத்தும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயது தாண்டிவிடும். அதனால் காலையில் சிரித்துக்கொண்டு வந்த பிள்ளை மூன்றாவது பீரியடில் காரணமே இல்லாமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அது உங்களை எதிர்த்துச் செய்வது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அவனுக்கே காரணம் தெரியாது.

இதோடு பள்ளிக்கூடமும் மாறுகிறது. ஐந்தாம் வகுப்பு வரை ஒரே டீச்சர், தெருப்பிள்ளைகளே வகுப்புப் பிள்ளைகள். ஆறாம் வகுப்பில் நாலைந்து தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஒன்றாக வந்து சேர்கிறார்கள். பாடத்துக்கு ஒரு ஆசிரியர், மணி அடித்தால் ஆள் மாறுவார். பழைய சிநேகிதம் வேறு செக்‌ஷனுக்குப் போய்விடும். ஒரு பிள்ளை தன் ஆதரவையெல்லாம் ஒரே மாதத்தில் இழப்பது இந்த மாற்றத்தில்தான், அதை யாரும் ஒரு இழப்பாகவே கணக்கில் எடுப்பதில்லை.

பி.எட். படிக்கும்போது மனவெழுச்சி நுண்ணறிவு என்று ஒரு பாடம் படித்திருப்பீர்கள். 1990-ல் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் அதை ஒரு கோட்பாடாக முன்வைத்தார்கள். அவர்கள் பின்னர் விரித்துச் சொன்ன நான்கு திறன்களை நான் இப்படித்தான் வைத்துக்கொள்கிறேன்: தன் முகத்திலும் அடுத்தவர் முகத்திலும் இருப்பதைப் படிப்பது, அந்த உணர்வை யோசிப்பதற்குப் பயன்படுத்துவது, அது எங்கிருந்து வந்தது, அடுத்து எங்கே போகும் என்று புரிந்துகொள்வது, அதைக் கையாள்வது. பள்ளிகளில் நாம் நேராகக் கடைசிக்குத் தாவிவிடுகிறோம். முதல் மூன்றும் இல்லாத பிள்ளையிடம் நாலாவதை எதிர்பார்க்கிறோம்.

ஆதரவு பற்றி ஒரே ஒரு ஆய்வை மட்டும் சொல்கிறேன். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, ஓயாத சண்டை, குடிப்பழக்கமோ மனநோயோ உள்ள பெற்றோர் என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நல்ல திடமான, அடுத்தவர்மேல் அக்கறையுள்ள பெரியவராக வளர்ந்தார். அவர்களைத் தாங்கியவற்றில் முக்கியமானது, விடாமல் அக்கறை காட்டிய ஒரு பெரியவராவது அருகில் இருந்தது. சிலருக்கு அது பாட்டி, சிலருக்குப் பக்கத்து வீட்டுக்காரர், சிலருக்கு ஆசிரியர். கிளாஸ் டீச்சர் பொறுப்பை எழுத்து வேலையாக மட்டும் பார்க்காதீர்கள் என்று புதியவர்களிடம் நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

முதல் இரண்டு வாரம்: பெயர், வயிறு, வழி

முதல் வாரத்துக்குள் எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிள்ளையே விரும்பிச் சொன்னால் தவிர வகுப்பில் அதைக் கூப்பிடாதீர்கள், அன்றைக்கே அது பட்டப்பெயராகிவிடும்.

அடுத்தது வயிறு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கியது 1 முதல் 5 வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக. ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியில் காலையில் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, ஆறாம் வகுப்பில் வெறும் வயிற்றோடு முதல் பீரியடில் உட்கார்ந்திருக்கலாம். பதினொரு மணிக்கு எரிச்சல், சண்டை, தலைவலி என்று வரும் பிள்ளைகளிடம் "காலைல என்னப்பா சாப்பிட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். "டீ குடிச்சேன் டீச்சர்" என்ற பதில் அடிக்கடி வரும். பசியில் இருக்கும் பிள்ளைக்கு மனக்கட்டுப்பாடு பற்றி வகுப்பெடுப்பது நியாயமே இல்லை. மேசை டிராயரில் ஒரு பாக்கெட் கடலைமிட்டாயோ பொட்டுக்கடலையோ வைத்திருங்கள். அதை எல்லோருக்கும் முன்னால் கொடுக்காமல், நோட்டை ஸ்டாஃப் ரூமுக்கு எடுத்துவரச் சொல்லி அங்கே கொடுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் கவனமாகக் கொடுங்கள். பெண்பிள்ளைகளிடம் காணும் சோர்வையும் சிடுசிடுப்பையும் ரத்தசோகை எவ்வளவு தூரம் தூண்டுகிறது என்பதை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். சாப்பாட்டுக்குப் பிறகே கொடுங்கள், வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், அப்புறம் ஜன்னல் வழியாக எறிந்துவிடுவார்கள். ஆறு, ஏழாம் வகுப்பில் வயதுக்கு வரும் பெண்பிள்ளைகள் நிறையப் பேர். அரசு இலவசமாகத் தரும் புதுயுகம் திட்ட நாப்கின் எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த டீச்சரிடம் கேட்கலாம் என்பதை ஜூன் மாதமே சொல்லிவிடுங்கள். நீங்கள் ஆண் ஆசிரியர் என்றால் ஒரு பெண் ஆசிரியரை அழைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

வழி என்பது நிஜமாகவே வழிதான்: எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், எந்த பஸ், யாரோடு நடந்து வருகிறார்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள். அப்பா அம்மா திருப்பூரிலோ சென்னையிலோ வேலையில் இருக்க, ஆயா வீட்டில் வளரும் பிள்ளைகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூலை: யாருக்கு யார் என்று ஒரு படம் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஜேக்கப் மோரினோ என்பவர் 1930-களில் அமெரிக்கப் பள்ளிகளில் செய்து காட்டிய முறை இது.

ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுங்கள். மேலே தன் பெயர். கீழே ஒரே கேள்வி: "டூர் போனா பஸ்ல யார் பக்கத்துல உட்கார ஆசை? மூணு பேர் எழுதுங்க." எழுதும்போது பேச்சு கூடாது, சீட்டை மடித்து நேராக உங்கள் கையில் தர வேண்டும். "யாரைப் பிடிக்காது" என்று ஒருநாளும் கேட்காதீர்கள். கேட்டால் அன்று மதியமே இன்டர்வெலில் அதைப் பற்றிப் பேச்சு ஓடும், ஒரு பிள்ளை அழும்.

வீட்டுக்குப் போய் ஒரு பெரிய தாளில் எல்லாப் பெயரையும் வட்டமாக எழுதி, யார் யாரை எழுதினார்களோ அவர்களுக்கு அம்புக்குறி போடுங்கள். அரைமணி நேர வேலை. போட்டு முடித்ததும் வகுப்பு வேறு மாதிரி தெரியும். சில பெயர்களில் அம்புகள் குவிந்திருக்கும். சில இடங்களில் மூன்று பேர் தங்களுக்குள் மட்டும் எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒரு அம்புகூட வராத பெயர்கள் சில இருக்கும். அதில் ஓரிரு பெயர் உங்களைத் திடுக்கிட வைக்கும். வகுப்பில் சத்தம் போட்டுச் சிரிக்க வைக்கும் பையனின் பெயரை ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள். நன்றாகப் படிக்கும், நோட்டெல்லாம் சுத்தமாக வைத்திருக்கும் பெண்ணின் நிலைமையும் அதுவாக இருக்கும்.

அந்தத் தாளை யாரிடமும் காட்டாதீர்கள், மற்ற ஆசிரியர்களிடம்கூட. அதை வைத்துச் சத்தமில்லாமல் சில வேலைகள் செய்யலாம். அம்பு வராத பிள்ளை யாரை எழுதியதோ, அந்த மூவரில் ஒருவர் பக்கத்தில் அதற்கு இடம் மாற்றுங்கள். நிறைய அம்பு வாங்கிய கெட்டிக்காரப் பிள்ளையைத் தேட வேண்டாம், ஓரளவு அமைதியான, இரக்கமுள்ள பிள்ளையே போதும். பெஞ்ச் மாற்றும்போது வகுப்பு முழுவதையும் மாற்றுங்கள், ஒருவரை மட்டும் மாற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அப்புறம் இருவரும் சேர்ந்து செய்ய ஒரு வேலை கொடுங்கள்: செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, நூலகப் புத்தகம் பதிவது, கரும்பலகையில் திருக்குறள் எழுதுவது. "அவளோட பேசுங்கடி" என்று சொல்லி நட்பு வராது. சேர்ந்து வேலை செய்யும்போது பேச்சு தானே வரும்.

அக்டோபரில், காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும், மறுபடி ஒருமுறை சீட்டு வாங்குங்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு அம்பு வந்திருந்தாலும் அது பெரிய விஷயம். சிநேகிதத்தில் எண்ணிக்கையைவிட, ஒருவராவது இருக்கிறாரா என்பதே இந்த வயதில் அதிகம் தாங்குகிறது.

ஆகஸ்ட்: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர்

ஆதரவு ஒரே மாதிரியானது இல்லை. மனசைக் கேட்க ஒரு ஆள், கையில் உதவ ஒரு ஆள், விவரம் சொல்ல ஒரு ஆள், "நீ செஞ்சது சரிதான்" என்று சொல்ல ஒரு ஆள். ஒரே நபர் நாலுமாக இருக்கலாம், நாலு பேராகவும் இருக்கலாம். ஒரு தாளை நாலு கட்டமாக மடித்து பிள்ளைகளிடம் கொடுத்து, கட்டத்துக்கு ஒரு கேள்வி எழுதச் சொல்லுங்கள்: அழுகை வந்தா யார்கிட்ட போவேன்? பேனா, பணம், பஸ் எதுவும் இல்லாட்டி யார்கிட்ட கேட்பேன்? ஒரு விஷயம் தெரியலன்னா யார் சொல்லித் தருவாங்க? நான் நல்லா செஞ்சா யார் சந்தோஷப்படுவாங்க?

பூர்த்தியான கட்டங்களைவிடக் காலியாக இருப்பவற்றைப் பாருங்கள். முதல் கட்டம் காலியாக உள்ள பிள்ளைகளின் பெயரை எழுதி, ஒவ்வொருவருக்கும் பள்ளியில் ஒரு பெரியவரை நீங்களே மனதுக்குள் ஒதுக்குங்கள். எல்லோரையும் நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள், முடியாது. பி.டி. சாரிடம் சில பையன்கள் எளிதாகப் பேசுவார்கள். சத்துணவு அமைப்பாளர் அக்காவுக்குப் பாதிப் பிள்ளைகளின் வீட்டு நிலவரம் அத்துப்படி. அவர்களிடம் போய், "இவன ஒரு மாசம் கொஞ்சம் பார்த்துக்கங்க, தினமும் பேரச் சொல்லிக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று கேளுங்கள். அது போதும்.

தினமும் ஐந்து நிமிடம்: உணர்வுக்குப் பெயர் வைப்பது

ஆதரவு ஓரளவு அமைந்த பிறகுதான் இது வேலை செய்யும். இந்த வயதுப் பிள்ளைகளிடம் எதைக் கேட்டாலும் "கடுப்பா இருக்கு", "போர் அடிக்குது", "ஒண்ணுமில்ல" என்ற மூன்றில் ஒன்று வரும். அந்தக் கடுப்புக்குள் அவமானம் இருக்கலாம், பயம் இருக்கலாம், பொறாமை, ஏக்கம், ஏமாற்றம், குற்ற உணர்ச்சி, வெறும் தூக்கம்கூட இருக்கலாம். எது என்று தெரிந்தால்தான் அதற்கு ஏதாவது செய்ய முடியும். கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-ல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், பெரியவர்களிடம் உணர்ச்சி காட்டும் முகப்படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சொல்லால் குறிப்பிட்டபோது பயத்தையும் பதற்றத்தையும் எழுப்பும் அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைந்தது. பெயர் வைப்பதே பாதி ஆறுதல் என்பதை வகுப்பிலும் கண்கூடாகப் பார்க்கலாம்.

எப்படிச் செய்வது? வாய்விட்டுச் சொல்லச் சொல்லாதீர்கள். ஆறாம் வகுப்பில் ஒருவன் "எனக்குப் பயமா இருக்கு" என்று எழுந்து சொன்னால், அந்த வாரம் முழுக்க அவனைக் கேலி செய்வார்கள். காலையில் வருகைப் பதிவு எடுக்கும் நேரத்தில் ரஃப் நோட்டின் ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதட்டும். கரும்பலகையின் மூலையில் வாரம் இரண்டு புதிய உணர்வுச் சொற்களை எழுதி, "இது எப்ப வரும்?" என்று மட்டும் பேசுங்கள். தமிழ்ப் பாடத்தில் கதை நடத்தும்போது, "இந்த இடத்துல அவன் மனசுல என்ன இருக்கும்?" என்று கேட்பது இதைவிட நல்ல வழி. கதைமாந்தரைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகள் தங்களைப் பற்றித் தாராளமாகச் சொல்லிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அந்த நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். ஒரு பிள்ளை மூன்று வாரமாக ஒரே வார்த்தையை எழுதியிருந்தால் அங்கே நில்லுங்கள். பொதுவில் வாசிக்க வேண்டாம், அந்த நோட்டில் திருத்தம் போட வேண்டாம், எழுத்துப்பிழையைக்கூட.

இதற்கு மதிப்பெண் போடுகிறோம், ஒரு தேர்வில் அளந்து தருகிறோம் என்று யாராவது வந்தால் ஒதுங்கிவிடுங்கள். பதினோரு வயதில் ஒரு பிள்ளையின் மனசுக்கு ரேங்க் கார்டு கொடுப்பது நல்லதல்ல.

சண்டை வந்தால்

பி.டி. பீரியடில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பையன் இன்னொருவனின் சட்டைக் காலரைப் பிடித்துக் கீழே தள்ளிவிட்டான், முழங்கை சிராய்த்துவிட்டது. இருவரையும் ஸ்டாஃப் ரூம் வாசலுக்குக் கூட்டிவந்தார்கள். தள்ளியவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது, காது சிவந்திருந்தது.

அந்த நேரத்தில் "ஏன்டா தள்ளின?" என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் பொய்யாக வரும். அவனை மரத்தடியில் உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, காயம்பட்டவனுக்கு முதலில் மருந்து போட்டோம். நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடச் சொன்னேன். சேர்ந்தே செய்தேன், தனியாகச் செய்யச் சொன்னால் வெட்கப்படுவான். பத்து நிமிடம் கழித்துத்தான் பேச்சு.

"கோவம் வந்துச்சா?"

"ஆமா டீச்சர்."

"எங்க வந்துச்சு, ஒடம்புல?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "இங்க" என்று நெஞ்சைத் தொட்டான். "அப்புறம் கை சூடாயிருச்சு."

"அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுப்பா?"

"எங்கம்மாவப் பத்திப் பேசிட்டான்." இதைச் சொன்னதும் அழுதுவிட்டான். அம்மா வீட்டை விட்டுப் போய் சில மாதம் ஆகியிருந்தது, அது வகுப்பில் பரவியிருந்தது.

அவன் கோபத்துக்குள் இருந்தது அவமானமும் ஏக்கமும். அதைத் தெரிந்துகொண்டதும் தள்ளியது சரியாகிவிடாது. "அம்மாவப் பத்திப் பேசினா யாருக்கும் வலிக்கும். ஆனா தள்ளினது தப்பு, அவன் கையில ரத்தம் வந்துருக்கு" என்று இரண்டையும் சொல்ல வேண்டும். உணர்வுக்குத் தண்டனை கிடையாது, செயலுக்குப் பொறுப்பு உண்டு. அடுத்த தடவை கை சூடாகும்போது என்ன செய்யலாம் என்று அவனையே கேட்டேன். "உங்ககிட்ட வந்துருவேன்" என்றான். எந்த நேரத்திலும் அனுமதி கேட்காமல் வகுப்பை விட்டு என்னிடம் வரலாம் என்று பாட ஆசிரியர்களிடமும் சொல்லி வைத்தேன். இப்படி ஒரு வழியை முன்கூட்டியே பேசி வைப்பது, மன்னிப்புக் கடிதம் எழுத வைப்பதைவிட எவ்வளவோ மேல். மற்றவனிடமும் தனியாகப் பேசினேன். அவன் சொன்னது வேறு ஒருவனிடம் கேட்டதைத்தான்.

இருவரையும் உடனே கைகுலுக்க வைக்காதீர்கள். மறுநாள் ஆகட்டும்.

அடிக்கிற பேச்சுக்கே இடமில்லை. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. பிரம்பைக் கைவிட்டவர்கள்கூட வார்த்தையை இன்னும் விடவில்லை. "ஆம்பளப் பிள்ளை அழலாமா", "இதுக்கெல்லாமா அழுவாங்க", "உன் அக்கா எப்படி, நீ எப்படி" என்ற மூன்று வாக்கியத்தையும் பள்ளி வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் சத்தம் போட்டுவிட்டால், கோபம் தணிந்ததும் வகுப்பு முன்னாலேயே "நேத்து நான் கத்துனது தப்பு" என்று சொல்லுங்கள். மரியாதை குறையாது. உணர்ச்சியைக் கையாளுவது எப்படி என்பதைப் பிள்ளைகள் உங்களைப் பார்த்தே கற்கிறார்கள்.

பட்டப்பெயர், கயிறு

நிறம், பருமன், பல், தந்தையின் தொழில் இவற்றை வைத்துக் கூப்பிடுவதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். ஒரு தடவை கேட்டதும் வகுப்பின் முன் பெரிதாக்காமல், சொன்னவனைத் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். சிரித்தவர்களையும் கூப்பிடுங்கள். அவர்கள் சிரிப்பை நிறுத்தினால் சொல்பவனுக்குச் சுவை போய்விடும்.

சாதியைப் பற்றி எழுதாமல் தமிழ்நாட்டுப் பள்ளியில் ஆதரவைப் பற்றி எழுதினால் அது முழுமையாகாது. நீங்கள் போட்ட அம்புக்குறிப் படத்தில் தெரு வாரியாக அம்புகள் நிற்கின்றனவா என்று பாருங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம் போன்றவற்றைப் பள்ளியில் தடைசெய்ய அது பரிந்துரைத்தது. பன்னிரண்டாம் வகுப்பில் வெடிப்பது ஆறாம் வகுப்பிலேயே பெஞ்சில் தொடங்குகிறது. இடம் மாற்றும்போது, குழு பிரிக்கும்போது, குடிக்கும் தண்ணீர், சாப்பாட்டு வரிசை எல்லாவற்றிலும் தெருக்கள் கலக்கும்படி செய்யுங்கள். வருகைப் பதிவேட்டில் சாதி தெரியும் எதையும் சத்தமாக வாசிக்காதீர்கள். உதவித்தொகைக்குக் கையெழுத்து வாங்க வேண்டுமென்றால் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிடுங்கள்.

ஒரு பிள்ளை பெரிய விஷயத்தைச் சொன்னால்

நம்பிக்கை வந்ததும் சில பிள்ளைகள் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்வார்கள். அப்போது செய்ய வேண்டியவை இதற்கு முன் சொன்னவற்றைப்போல உங்கள் விருப்பத்துக்கு விட்டவை அல்ல.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்" என்று கேட்டால் சத்தியம் செய்யாதீர்கள். "உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், யார்கிட்டன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்று சொல்லுங்கள். பாலியல் தொல்லை என்றால், 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். எச்.எம்.மிடம் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று இருக்க முடியாது. பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள், "நீ ஏன் அங்க போன?" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். அது சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதி போட்டு எழுதி வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417. இரண்டையும் வகுப்புச் சுவரில் பிள்ளைகள் உயரத்துக்கு எழுதுங்கள். பிள்ளைகள் தங்கள் புகாரை எழுதிப் போடப் பள்ளியில் வைத்திருக்கும் மாணவர் மனசு பெட்டி எதற்கு என்றும் விளக்குங்கள்.

"செத்துடலாம்போல இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னாலோ எழுதினாலோ விளையாட்டாக எடுக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, சொல்ல ஒரு ஆள் கிடைத்த நிம்மதிதான் வரும். அன்று அந்தப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், பெற்றோரை வரவழைத்துக் கையில் ஒப்படையுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் இருப்பார். தொலைபேசியில் பேச, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண் 104. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050.

இந்த அளவுக்குப் போகாமலேயே தெரியும் அறிகுறிகளும் உண்டு. சாப்பாட்டை அப்படியே கொட்டுவது, மதியத்துக்குப் பிறகு தினமும் பெஞ்சில் தலை கவிழ்ப்பது, வெயிலிலும் முழுக்கை போட்டு மணிக்கட்டை மறைப்பது, திங்கட்கிழமை தோறும் விடுப்பு, பிரியமான பொருளைச் சிநேகிதர்களுக்குக் கொடுத்துவிடுவது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்காதீர்கள்.

வீட்டோடு

பெற்றோருக்கு முதல் போன் புகாராக இருக்கக் கூடாது. ஜூலையிலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல செய்திக்காக போன் செய்துவிடுங்கள். "உங்க பொண்ணு இன்னிக்கு ஒரு பாப்பாவுக்குத் தண்ணி பாட்டில் திறந்து குடுத்தாம்மா" என்பதுபோல ஒரு வரி போதும். பள்ளியிலிருந்து போன் என்றாலே நடுங்கும் அம்மாக்கள் அதன் பிறகு உங்களிடம் உண்மையைச் சொல்வார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் தூக்கத்தைப் பற்றி மறக்காமல் பேசுங்கள். 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13-லிருந்து 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். பருவமடையும்போது தூக்கம் வரும் நேரமே இயல்பாகத் தள்ளிப்போகிறது, அதோடு போனும் சேர்ந்தால் நள்ளிரவு ஆகிவிடும். போனைப் பறியுங்கள் என்று சொல்வதைவிட, வீட்டில் எல்லோருடைய போனும் இரவில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவின் போனும்தான்.

உங்களுக்கும் ஆள் வேண்டும். பிள்ளைகள் சொல்வதையெல்லாம் தனியாகச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். பெயரைச் சொல்லாமல் பேசிக்கொள்ள ஸ்டாஃப் ரூமில் ஒரு சக ஆசிரியரைப் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல்: அடுத்தவரிடம் ஒப்படைப்பது

வருடம் முடிந்ததும் பதிவேடுகள் ஏழாம் வகுப்பு டீச்சர் கைக்குப் போகும். அதோடு இன்னும் ஒரு தாளைக் கொடுங்கள். பிள்ளைகள் உங்களிடம் நம்பிச் சொன்ன ரகசியம் எதுவும் அதில் வேண்டாம். பாதுகாப்பு சம்பந்தப்பட்டது மட்டும் எச்.எம். வழியாகப் போகட்டும். தாளில் எழுத வேண்டியவை: யாரையும் யாரையும் செக்‌ஷன் பிரிக்கக் கூடாது, எந்தப் பிள்ளை எந்தப் பெரியவரிடம் பேசும், கோபம் வந்தால் யாருக்கு எது உதவியது, யார் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள். ஜூனில் செக்‌ஷன் பிரிக்கும் பட்டியலை எச்.எம். போடுவதற்கு முன்பே இது போய்ச் சேர வேண்டும், அதனால் கடைசித் தேர்வு வாரத்திலேயே எழுதி முடித்துவிடுங்கள்.